கணிப்பொறி உதவியாளரும் நல்லாசிரியரே

அலுவலகங்களில் கணிப்பொறி பழுதுற்றால் அதனைச் சீர்செய்ய வருபவரைப் 'பொறி அறிந்தவர்' என்றே நாம் கருதுகிறோம். அவர் மனிதரையும் அறிந்தவராதல் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். பழுதுற்ற பொறியின்முன் பதற்றமுற்ற ஒருவர் அமர்ந்திருக்கிறார் அன்றோ?

தமிழக அலுவலகங்களின் அண்மை வரலாறே இதற்குச் சான்றாகும். 1999இல் சென்னையில் நடைபெற்ற 'தமிழிணையம் 99' மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகையை அரசு தரப்படுத்தியது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஆயினும் பல்லாண்டுகள் தட்டச்சுப் பொறியில் பணிசெய்த கைகள் ஒரே நாளில் மாறிவிடுமா? 'கெ' என்று எழுதக் கொம்பை முதலிலும் ககரத்தைப் பின்னரும் அடித்துப் பழகியவை அக்கைகள். தமிழ்99 முறையிலோ ககரத்தை அடித்து எகரத்தை அடித்தல் வேண்டும். "விசையை மாற்றி அடியுங்கள்" என்று சொல்லிச் செல்பவர் குழப்பத்தையே விட்டுச் செல்கிறார். "மெய்யோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய், திண்ணையில் நாம் கற்ற முறைதான் ஐயா இது" என்பவரோ அறிந்ததைக்கொண்டு அறியாததை விளக்குகிறார். கற்பித்தல் என்பது இதுவே.

நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஆசிரியர் ஆகாதார்க்குக் கூறும் உவமைகள் இங்கும் பொருந்துவனவாம். நெருங்கிக் கேட்க இடந்தராதவர் மடற்பனை. முறைபிறழக் கொட்டுபவர் கழற்குடம். கற்றதை எளிதில் ஈயாதவர் பருத்திக்குண்டிகை. கடவுச்சொல்லைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, பயனாளரை அகற்றி அமர்ந்து, விரைந்து முடித்து எழுந்து செல்லும் வல்லுநரை இம்மூன்றிலும் காணலாம். அவர் நீக்கிய பழுது மறுவாரம் மீண்டும் வரும். ஏனெனில் பயனாளர் எதனையும் கற்கவில்லை.

நல்லாசிரியர்க்குரிய நிலத்தின் பொறுமையும் மலரின் முகமலர்ச்சியும் உடையவர், விசையைப் பயனாளரின் விரல்களாலேயே அழுத்தச் செய்வார். ஓய்வு பெறும் வயதினர் ஒரே ஐயத்தை மும்முறை வினவினும் நகையார். நகைக்கப்பட்டவர் அடுத்தமுறை வினவார், பிழையை மறைப்பார், மறைத்த பிழை கோப்பினை அழிக்கும்.

இதன் இழப்பு அலுவலகத்தோடு நிற்பதன்று. கொல்லிமலையின் வாசலூர்பட்டியிலிருந்து சாதிச் சான்றிதழுக்காக வரும் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மேசைக்கு அப்பாலுள்ள எழுத்தர் திரையைக் கண்டு அஞ்சினால், அம்மாணவரின் ஒருநாள் வீணாகும்; சேர்க்கைக்குரிய இறுதிநாளும் கடந்துபோகலாம்.

ஆகவே, கணிப்பொறி பயிலும் நம் மாணவர்காள்! பொறியின் மொழியோடு மனிதரின் மொழியையும் பயிலுங்கள். பழுது நீக்குவது தொழில். அச்சம் நீக்குவதே கல்வி.