படலைத் திறந்தால்தான் தெரியும், இன்றைய வேலை!

விடியற்காலை ஐந்து மணி. கறவை மாட்டுக்குத் தவிடும் புண்ணாக்கும் கலக்க வேண்டும். பாலைக் கறந்து நேரத்துக்கு சொசைட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். செம்மறிகளைப் பட்டியிலிருந்து காட்டுக்குள் விட வேண்டும். இப்படி மனதுக்குள் ஒரு பட்டியலோடு வந்து படலைத் திறந்தால், எல்லா ஆடுகளும் எழுந்து ஓடிவர, ஒன்று மட்டும் படுத்தே கிடக்கிறது. அவ்வளவுதான், பட்டியல் காலி!

குளம்பில் வேலமுள் ஏறியிருந்தால் பத்து நிமிடத்தில் பிடுங்கிவிடலாம். காய்ச்சல் என்றால் மற்ற ஆடுகளிடமிருந்து பிரித்துக் கட்ட வேண்டும், டாக்டருக்குப் போன் போட வேண்டும். எதுவென்று தெரியும்வரை பால் காத்திருக்கும். பிள்ளையை ஸ்கூல் பஸ் ஏற்றும் வேலை பாட்டிக்குப் போகும்.

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் சில ஏக்கர் கொரங்காட்டை வைத்துக்கொண்டு நாலு மாடு, முப்பது செம்மறி வளர்க்கும் குடும்பங்களுக்கு இதெல்லாம் பழகிப்போன காலைதான்.

கொரங்காடு என்பது மழையை மட்டுமே நம்பியிருக்கும் மேய்ச்சல் நிலம். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நடுநடுவே வெள்வேல மரங்கள். கோடையில் புல் காய்ந்த பிறகு, மரத்திலிருந்து உதிரும் காய்கள் தீவனமாகும். காங்கேயம் மாடும் மேச்சேரி செம்மறியும் இந்தக் காய்ச்சலுக்கும் முள்ளுக்கும் பழகியவை.

வேலி இருப்பதால் நாள் முழுக்கக் கூடவே நின்று மேய்க்கத் தேவையில்லை. அதனால், ‘காலையில் விட்டு சாயங்காலம் அடைத்தால் போதுமே’ என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அத்தனை கூத்தும்!

வேலியில் ஓர் ஓட்டை

“உங்க குட்டிங்க ரெண்டு எங்க காட்டுல நிக்குதுங்கண்ணா...” பக்கத்துக் காட்டிலிருந்து இப்படி ஒரு போன் வந்தால், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். ஒரு குட்டி புகுந்த சந்தில் மறுநாள் மொத்த மந்தையும் புகும். கிளுவைப் போத்து நட்டால் வேர்பிடித்து வேலியாகிவிடும். ஆனால், அதற்கு மழை வர வேண்டும், மாதங்கள் ஆக வேண்டும். அதுவரை முள்ளை வெட்டி வந்து அடைப்பதுதான் வழி.

நேரம் பார்க்காத பிரசவம்

மாட்டுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள். ஆட்டுக்குச் சுமார் 150 நாள். காலண்டரில் குறித்து வைத்தாலும் எந்த வாரம் என்றுதான் சொல்லலாம். எந்த மணி என்று சொல்ல முடியாது. மடி பெருத்து, வாலுக்கு இருபுறமும் குழி விழுந்து, மந்தையை விட்டு ஒதுங்கி நின்றால் அன்றைக்குப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். காட்டின் கடைக்கோடியில் வேலமரத்தடியில் ஈன்றுவிட்டு நிற்கும் தாயை இருட்டுவதற்குள் தேடிப் பிடிக்க வேண்டுமே!

கன்று விழுந்ததும் மூக்கையும் வாயையும் துடைத்து, தொப்புளில் அயோடின் தடவி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைக்க வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தி கன்றுக்கு அதில்தான் கிடைக்கிறது. நஞ்சுக்கொடி 12 மணி நேரம் ஆகியும் விழாவிட்டால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். பிடித்து இழுப்பதும், கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் கர்ப்பப்பையைப் புண்ணாக்கிவிடும்.

முதல் ஈத்து ஆடுகளில் சில, குட்டியைச் சேர்க்காமல் உதைத்துத் தள்ளும். அப்போது வீட்டுப் பிள்ளைகள்தான் தாய்! ஒருவர் ஆட்டைப் பிடிக்க, இன்னொருவர் குட்டியை மடியில் விட்டு ஊட்டுவார். செவலையாகப் பிறக்கும் காங்கேயம் கன்று, ஆறு மாதத்தில் மெல்ல மெல்லச் சாம்பல் நிறத்துக்கு மாறுவதைப் பார்த்துக்கொண்டே வளர்கிற பிள்ளைகள் இவர்கள்.

மழை வந்தால் சந்தோஷம்... பயமும்தான்!

காய்ந்த காட்டில் மழை பெய்தால் பத்து நாளில் பச்சை தலைகாட்டும். ஆசையோடு இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த ஆட்டுக்குத் துள்ளுமாரி வரலாம். சாயங்காலம் நன்றாக இருந்த குட்டி விடிவதற்குள் செத்துக் கிடக்கும். மழைக்கு முன்பே தடுப்பூசி போடுவதும், காட்டுக்குள் விடுவதற்கு முன் கொஞ்சம் காய்ந்த சோளத்தட்டு கொடுப்பதும் இதற்காகத்தான். மாட்டின் இடப்பக்க வயிறு உப்பி, தட்டினால் மத்தளம்போலச் சத்தம் கேட்டால் நிமிடக்கணக்கு முக்கியம். 1962 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

இரவிலும் ஒரு காது பட்டியில்

சமீப ஆண்டுகளில் இந்த வட்டாரத்தின் பெரிய பயம் தெருநாய்கள். கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்தால் ஒரே இரவில் பல ஆடுகளைக் குதறிவிடுகின்றன. இறந்த ஆடுகளோடு சாலையில் அமர்ந்து விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் நடந்தது. செம்மறிதான் இந்த வீடுகளின் சேமிப்புக் கணக்கு. காலேஜ் ஃபீஸுக்கு நாலு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு இரண்டு என்று சந்தைக்குப் போகும். அந்தக் கணக்கு ஒரு ராத்திரியில் காலியானால்? கம்பிவலையை உயர்த்துகிறார்கள், விளக்குப் போடுகிறார்கள். அப்படியும் குரைப்புச் சத்தம் கேட்டால் தூக்கம் கலைகிறது.

அதனால்தான் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட இந்த வீட்டிலிருந்து எல்லோரும் சேர்ந்து போக முடிவதில்லை. முகூர்த்தத்துக்கு ஒருவர், முதல்நாள் வரவேற்புக்கு ஒருவர் என்று பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். தவிர்க்க முடியாத நாளில் பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். அவர் வீட்டு விசேஷத்துக்கு இவர்கள் போய் நிற்பார்கள்.

அனுபவசாலிகள் நாளைத் திட்டமிடும்போதே கொஞ்ச நேரத்தைச் சும்மா விட்டுவைக்கிறார்கள். கயிறு, டார்ச், அயோடின், ஒரு கட்டுக் காய்ந்த தட்டு எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். எந்த மாடு அசைபோடவில்லை, எந்த ஆடு காது தொங்கி நிற்கிறது, சாணம் எப்படி இருக்கிறது என்று நடக்கும்போதே கண் பார்த்துக்கொண்டு போகும்.

பொழுது சாய்கிறது. ஆடுகள் ஒவ்வொன்றாகப் பட்டிக்குள் நுழைய, விரல்விட்டு எண்ணுகிறார்கள். முப்பது இருந்தால் படலைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம். இருபத்தொன்பது என்றால்... டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடியும் காட்டுக்குள் இறங்க வேண்டியதுதான்!