தென்னை நார்க்கழிவைப் பச்சையாக இடலாகாது

தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் எஞ்சும் தூளே தென்னை நார்க்கழிவு. முன்பு நார் ஆலைகளின் ஓரத்தில் வீணாகக் குவிந்து கிடந்த இத்தூள், இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டு பொள்ளாச்சிப் பகுதியிலிருந்து வெளிநாடுகளுக்குச் செல்கிறது. குளிர் நாடுகளில் நாற்று வளர்க்க, சதுப்பு நிலத்துப் பாசி மட்கிய 'பீட்' என்னும் பொருளைப் பயன்படுத்தி வந்தனர். பீட் படிவு ஆண்டுக்குச் சுமார் 1 மில்லி மீட்டரே வளரும். வெட்டி எடுத்தால் எளிதில் மீளாது. அதற்கு மாற்றாகவே நார்க்கழிவை அங்கே வாங்குகின்றனர். தென்னை வட்டாரத்து விவசாயிகளுக்கோ இது பக்கத்திலேயே கிடைக்கிறது.

பச்சைத் தூளால் வரும் கேடு

நார்க்கழிவு தன் எடையைப்போல் 5 மடங்குக்கு மேல் நீரைப் பிடித்து வைக்கும். ஆனால் பச்சைத் தூளில் தழைச்சத்து மிகக் குறைவு. மண்ணில் கலந்தால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளித்து நிற்கும். உப்பு நீரில் ஊறிய மட்டையின் தூளாக இருந்தால் நாற்றின் இலை நுனி கருகும். தென்னம்பாத்தியில் மூடாக்காகப் பரப்ப மட்டுமே பச்சைத் தூள் ஏற்றது.

மட்க வைக்கும் முறை

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி 1 டன் தூளுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் விதை தேவை. நிழலில் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் 100 கிலோ தூளைப் பரப்பி, ஒரு புட்டி காளான் விதையைத் தூவ வேண்டும். அதன்மேல் 100 கிலோ தூள் பரப்பி, 1 கிலோ யூரியா தூவ வேண்டும். இவ்வாறு மாற்றி மாற்றி 10 அடுக்கு போட்டு, ஈரம் காயாமல் நீர் தெளித்து வர வேண்டும். சுமார் 60 நாளில் தூள் கறுத்து, மண்வாசனை வரும். கரிச்சத்து, தழைச்சத்து விகிதம் 112:1-லிருந்து 24:1 ஆகக் குறையும். இதை ஏக்கருக்கு 2 டன் அடியுரமாக இடலாம்.

குழித்தட்டு நாற்று

மட்கிய தூள் 300 கிலோவுடன் வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா தலா 1 கிலோ கலக்க வேண்டும். 98 குழித் தட்டு ஒன்றுக்கு 1.2 கிலோ போதும்.

கடையில் வாங்கும் தூளில் உப்பு இருக்கக்கூடும். நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசி வடித்து, முதலில் ஒரு தட்டில் மட்டும் விதைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு தட்டு போனால் நட்டம் 98 நாற்று. எல்லாத் தட்டும் போனால் அந்தப் பட்டமே தவறிவிடும்.