கொடுக்கும் கையில் ஒளிந்திருக்கும் செருக்கு



செருக்கு என்றதும் பணத்திமிரும் பதவித்திமிரும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றை எளிதில் அடையாளம் கண்டு, பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லிவிடுகிறோம். ஆனால் தர்மம் செய்யும் நேரத்தில் நமக்குள் நுழையும் செருக்கை நாம் கவனிப்பதே இல்லை.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை, கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சாமியார்பேட்டை, சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக் கடலோரம் என எங்கும் மரண ஓலம். பள்ளிகளும் கல்யாண மண்டபங்களும் முகாம்களாயின. முன்பின் தெரியாதவர்கள் சோறு சமைத்துக் கொண்டுவந்தார்கள். அந்த இரக்கம் உண்மையானது.

கூடவே பழைய துணி மூட்டைகளும் வந்து இறங்கின. கிழிந்தவை, கறை படிந்தவை, அந்த மக்கள் உடுத்தவே உடுத்தாதவை. கடலூர், நாகைப் பகுதிகளில் அவை சீண்டுவாரின்றிச் சாலையோரம் குவிந்து கிடந்தன. எல்லாம் இழந்தவர்களுக்கு இவ்வளவு வீம்பா என்று கேட்கத் தோன்றும். முந்தின நாள்வரை சொந்த உழைப்பில் உண்டு, யாரிடமும் கையேந்தாமல் வாழ்ந்தவர்கள் அவர்கள். நாம் உடுத்தக் கூசும் துணி அவர்களுக்குப் போதும் என்று நினைத்தோமே, வீம்பு யாருடையது?

லூக்கா நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் வரும் பரிசேயரை நாம் அவசரப்பட்டுப் பொய்யர் என்று எண்ணிவிடுகிறோம். அவர் பொய் சொன்னதாக ஆண்டவர் கூறவில்லை. அவர் வாரம் இருமுறை நோன்பிருந்தார். வருவாயில் பத்திலொன்றும் கொடுத்தார். நம்மில் எத்தனை பேர் அவ்வளவு கொடுக்கிறோம்? அவருடைய குறை வேறு. தம் உயரத்தை அளந்து பார்க்க அவருக்கு ஒரு வரிதண்டுபவர் கீழே நிற்க வேண்டியிருந்தது. நாமும் ஆலயத்துக்குக் குழல்விளக்கு வாங்கித் தருகிறோம். அதில் உபயதாரர் பெயரை எழுதிய பிறகு வெளிச்சம் வர இடமிருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை!

யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களின் காலடிகளைக் கழுவுகிறார். நிமிர்ந்து நின்றுகொண்டு யாருடைய காலையும் கழுவ முடியாது. கழுவுகிறவரின் தலை, கழுவப்படுகிறவரின் முழங்காலுக்கும் கீழே போக வேண்டும். பேதுரு மறுத்தது தாழ்ச்சிபோல் தெரிகிறது. ஆனால் ஆண்டவர் அதை ஏற்கவில்லை. பெற்றுக்கொள்ளவும் தாழ்ச்சி வேண்டும். 'யாரிடமும் எதற்கும் போய் நின்றதில்லை' என்று பெருமையாகச் சொல்லும் நமக்கு இது கொஞ்சம் கசக்கத்தான் செய்யும்.

கொடுப்பது எப்படி என்பதை ஒரு கடலோர மனிதரே பின்னாளில் காட்டினார். 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் மீட்புப் பணிக்கு வந்தார்கள். மலப்புரம் மாவட்டத்தில் ரப்பர் படகில் ஏற முடியாமல் பெண்கள் தவித்தார்கள். ஜெய்சல் என்ற மீனவர் தண்ணீருக்குள் மண்டியிட்டுக் குனிந்தார். பெண்கள் ஒவ்வொருவராக அவர் முதுகில் கால் வைத்துப் படகில் ஏறினார்கள்.