செம்பும் சுளகும் போதும்

மேலகரத்தில் படம் எடுக்கப் பழகுகிறவர்கள் முதலில் மலைப்பக்கம் திரும்புவது இயல்பு. குற்றாலத்துப் பேரருவி ஒரு பக்கம், தென்காசிக் கோபுரம் மறுபக்கம். இதைவிட நல்ல பயிற்சிக்களம் ஏது என்றுதான் தோன்றும். ஆனால் கோடு, வடிவம், பருமன், சொரசொரப்பு, ஒளியின் ஏற்ற இறக்கம், நிறம் ஆகிய காட்சியின் அடிப்படைக் கூறுகளைக் கற்க அருவியைவிட அடுக்களைச் செம்பும் சுவரில் சாத்திய சுளகும் மேலானவை என்று உறுதியாகச் சொல்லலாம். அருவிப் படத்தைப் பார்க்கிறவர், தான் அங்கே நனைந்த நினைவையும் சேர்த்தே பார்க்கிறார். படம் சுமாராக இருந்தாலும் அந்த நினைவு அதைத் தூக்கி நிறுத்திவிடும். சுளகுக்கு அந்தச் சலுகை கிடையாது. அது படத்தில் அழகாகத் தெரிந்தால், எடுத்தவர் கோட்டையும் ஒளியையும் சரியாகக் கையாண்டிருக்கிறார் என்பதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது.

தினமும் புழங்கும் பொருளை நாம் உண்மையில் பார்ப்பதில்லை, அடையாளம் கண்டுகொண்டு நகர்ந்துவிடுகிறோம். சாப்பாட்டுத் தட்டு வட்டம் என்று மூளைக்குத் தெரியும். ஆகவே பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது கண்ணில் விழுவது நீள்வட்டம் என்பதை அது பொருட்படுத்துவதில்லை. வெள்ளை வேட்டி நிழலில் கிடந்தால் அதன் நிறம் நீலம் பாய்ந்த சாம்பல்தான். ஆனாலும் வெள்ளை என்றே நினைக்கிறோம். கேமராவுக்கு வேட்டியும் தெரியாது, தட்டும் தெரியாது. அதன் ஒளிமானி எதிரில் இருப்பதையெல்லாம் ஒரு நடுத்தரச் சாம்பல் என்று கருதியே அளக்கிறது. அதனால்தான் படச்சட்டம் முழுக்க வேட்டி நிறைந்தால் படம் மங்குகிறது; கரி பிடித்த இரும்புச் சட்டி நிறைந்தால் அது வெளிறிப்போகிறது. இதைக் கருவியின் குறை என்று தள்ளிவிடக் கூடாது. நம் மூளை மறைக்கும் கணக்கை அது வெளியே காட்டுகிறது. எவ்வளவு வெளிச்சம் கூட்டினால் வெள்ளை வெள்ளையாகும் என்று தேடும்போதே ஒளியின் ஏற்ற இறக்கம் பிடிபடத் தொடங்கும்.

சுளகின் பாடம் சொரசொரப்பு. நேர் எதிரே வெளிச்சம் விழுந்தால் பின்னலின் மேடும் பள்ளமும் ஒரே அளவு ஒளி வாங்கித் தட்டையாகிவிடும். சன்னலை ஒட்டி வைத்து, ஒளி பரப்பை உரசிக்கொண்டு போகும்படி திருப்பினால் ஒவ்வொரு மேடும் தன் பின்னால் ஒரு நிழல்கோடு போடும்; பின்னல் முழுக்கக் கோடுகளின் அணிவகுப்பாக எழும். செம்பின் பாடம் பருமன். வெளிச்சத்தில் இருந்து இருளுக்கு மெல்ல இறங்கும் சாயல்தான் அது உருண்டது என்று நமக்குச் சொல்கிறது. இங்கே பருவமும் கைகொடுக்கிறது. சாரல் காலத்தில் மேகம் மூடிய வானம் முழுவதும் ஒரே விளக்காகிவிடுவதால் நிழல்களின் விளிம்பு கரைந்து, பித்தளையின் வளைவு இதமாகத் தெரியும். சித்திரை பிறக்கும் நாட்களிலோ உச்சி வெயில் ஏறத்தாழ நேர் தலைக்கு மேல் நிற்கும். இந்த ஊர் வடக்கு அட்சரேகை 9 பாகையை ஒட்டி இருப்பதே காரணம். அந்த நேரத்தில் முற்றத்தில் கிடக்கும் சுளகு செத்துப்போனதுபோல் தட்டையாகும். அதே வெயில் சுவரை உரசி இறங்குவதால், சுண்ணாம்புக் காரையின் ஒவ்வொரு பொருக்கும் புடைத்துத் தெரியும்.

இந்த வழியில் போனவர்கள் சிறியவர்கள் அல்லர். புகைப்படக் கலைஞர் ஆந்த்ரே கெர்தேஸ் 1928இல் தட்டின் விளிம்பில் சாய்ந்த ஒரு முள்கரண்டியையும் அதன் நிழலையும் மட்டும் எடுத்தார். இன்னொரு புகைப்படக் கலைஞரான எட்வர்ட் வெஸ்டன் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படத்தில் அது திரண்ட தசைபோல் நிற்கிறது. நமக்கு இன்னும் நெருக்கமானது வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதியின் சான்று. இந்திய அரசின் அழைப்பில் வந்த சார்லஸ், ரே ஈம்ஸ் இருவரும் 1958இல் தந்த அறிக்கையில், இந்நாட்டில் தாங்கள் கண்ட பொருட்களுள் செம்பைத்தான் முதன்மையாகப் போற்றினார்கள். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகவே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது.

வாசல்தோறும் புள்ளி வைத்துக் கோலம் இழைக்கும் ஊரில் இதைக் கற்பிக்கக் கேமரா எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குற்றாலச் சித்திர சபையில் நடராசரே ஓவியமாக வணங்கப்படுகிறார். கோட்டின் மதிப்பை இந்த மண்ணுக்கு வெளியில் இருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புள்ளி, கோடு, கோடு அடைக்கும் வெளி, கறுத்த தரைக்கு எதிரான வெண்மை ஆகிய நான்கிலும் கோலத்தை மிஞ்ச ஒரு கேமராவால் முடியாது. ஆனால் கோலம் தரையோடு தரையாக இருப்பது. ஒளி திரும்பினால் அதன் வடிவம் திரும்பாது. பருமனும் நிழலும் நேரத்துக்கு நேரம் ஒன்றையொன்று மாற்றுவதைக் காண, நிற்கும் பொருள் ஒன்றும் அதைப் பதிந்து ஒப்பிட ஒரு கருவியும் வேண்டும்.

இன்றைய கைபேசி தானே நிழலை வெளுத்து, நிறத்தை ஏற்றித் தருகிறதே என்பது இன்னும் வலுவான மறுப்பு. உண்மைதான், அது பல படங்களை ஒட்டி ஒன்றாக்கித் தருகிறது. ஆனால் அதைக் கட்டுப்படுத்தவும் வழி உண்டு. பெரும்பாலான கைபேசிகளில், திரையில் செம்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஒளியளவு பூட்டிக்கொள்ளும்; பிறகு வெளிச்சத்தைக் கீழே இழுக்கலாம். மிக அருகில் எடுத்தால் செம்பின் வாய் ஊதி அடி சிறுக்கும் என்பதால், இரண்டடி பின்வாங்கிப் பெரிதாக்கி எடுப்பது நல்லது. செம்பை இடம் மாற்றாமல், ஒரே சன்னலோரம் காலை 8 மணிக்கு ஒன்று, 11 மணிக்கு ஒன்று, மாலை 4 மணிக்கு ஒன்று எனப் படமெடுத்து, மூன்றையும் கறுப்பு வெள்ளையாக்கி அடுத்தடுத்து வைத்தால், எது கோட்டால் நிற்கிறது, எது பருமனால் நிற்கிறது என்று பள்ளிப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.