பச்சை உப்புக்குச் சட்டம் எழுதியது யார்?

விருதுநகர் மாவட்டத்தில் ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்குத் தோண்டும் சுண்ணாம்புக்கல்லில் இருப்பது கால்சியம். சுற்றுவட்டாரப் பட்டாசு ஆலைகளில் 'பச்சை உப்பு' என்று சொல்வது பேரியம் நைட்ரேட். கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் மூன்றும் தனிம அட்டவணையில் ஒரே பத்தியில் நிற்கும் உடன்பிறப்புகள். நெருப்பில் இட்டால்தான் அவற்றின் தனிக்குணம் தெரியும்: கால்சியம் செங்கல் நிறம், ஸ்ட்ரான்சியம் செக்கச்சிவப்பு, பேரியம் பச்சை. சூட்டில் மேல்படிக்குத் தாவிய எலக்ட்ரான் கீழே இறங்கும்போது விடும் ஒளி அது. படியின் உயரம் மாறினால் நிறமும் மாறும்.

கம்பி மத்தாப்பில் பச்சை உப்புக்குப் பெரிய வேலை உண்டு. அலுமினியத் தூளும் இரும்புத் தூளும் எரிய ஆக்சிஜன் தருவது அதுதான். கூழ் போன்ற கலவையில் கம்பிகளை முக்கி, வெயிலில் காயவைத்து எடுக்கிறார்கள்.

பட்டாசுப் புகைக்கு எதிராக டெல்லியில் கைக்குழந்தைகள் மூவர் சார்பில் 2015இல் வழக்கு வந்தது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. தீபாவளிக்கு வெடிக்க 2 மணி நேரம்தான் என்றது. எந்த அவையும் விவாதித்து இயற்றிய விதிகள் அல்ல இவை.

"சட்டம் இயற்றுவது நீதிபதிகள் வேலையா?" நியாயமான கேள்வி. ஆனால் கேட்பவர்கள் அடிக்கடி இடம் மாறிக்கொள்கிறார்கள். 2025 ஏப்ரல் 8 அன்று தமிழக ஆளுநர் மசோதாக்களைக் கிடப்பில் போட்ட வழக்கில் அதே நீதிமன்றம் அவற்றின் மீது முடிவெடுக்கக் காலக்கெடு விதித்தபோது, அன்று தமிழகத்தை ஆண்டவர்கள் கொண்டாடினார்கள். மத்தியில் ஆள்பவர்கள் வரம்பு மீறல் என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அவர்கள் கட்சியின் டெல்லி அரசே பசுமைப் பட்டாசுக்கு அனுமதி கேட்டு அந்த நீதிமன்ற வாசலுக்குப் போனது.

அரசின் கையில் அதிகாரம் இல்லாமல் இல்லை. 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமே ஆபத்தான வெடிபொருளைத் தடுக்க மத்திய அரசுக்கு இடம் தருகிறது. கந்தகமும் குளோரேட்டும் கலந்த பட்டாசை 1992இல் அரசே தடை செய்தது. பேரியத்துக்கும் அப்படி ஒரு விதி எழுதியிருக்கலாம். மூச்சுத்திணறும் குழந்தையின் தாயையும், கம்பி முக்கிக் கூலி வாங்கும் தாயையும் கூப்பிட்டுக் கேட்டு எழுதியிருக்கலாம். எழுதினால் ஒரு தரப்பின் கோபத்தைச் சுமக்க வேண்டும். அதற்குப் பயந்துதான் அந்தப் பாரத்தை நீதிமன்றத்தின் தலையில் இறக்கிவிட்டு, பிறகு நீதிமன்றத்தையே திட்டுகிறார்கள். இதைக் கோழைத்தனம் என்றுதான் சொல்வேன்.

அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம், பச்சை உப்பைப் பற்றி அவையில் ஒரு நாளாவது பேசினீர்களா என்று கேளுங்கள்.