உங்களுக்குத் தெரியுமா? – மண்ணுக்குள் ஓயாத பரிணாமம்

● கண்ணாடிக் குழாயைக் குலுக்கினால் பரிணாமத்தின் போக்கே மாறிவிடும்! மண்ணிலும் செடிகளிலும் வாழும் 'சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ்' பாக்டீரியாவைக் குழாய்களில் சத்துநீர் ஊற்றி வளர்த்தார்கள் ஆய்வாளர்களான பால் ரெய்னி, மைக்கேல் டிராவிசானோ இருவரும். முடிவு 1998-இல் வெளியானது. ஆடாமல் வைத்த குழாயில் சில நாட்களிலேயே ஓர் இனம் மூன்று வடிவமெடுத்தது. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் மேற்பரப்பில் பாலாடைபோலப் படர்ந்தது ஒன்று. நடுநீரில் பரவியது இன்னொன்று. அடியில் தங்கியது மற்றொன்று. ஓயாமல் குலுக்கிய குழாயிலோ பழைய வடிவம் மட்டுமே. மேல், கீழ் என்ற வேறுபாடே இல்லாத இடத்தில் புது வடிவம் எடுத்து என்ன லாபம்?

● மண்ணில் இன்று ஈரம், நாளை வறட்சி. ஒருநாள் சருகு, மறுநாள் செத்த புழு. எல்லாவற்றுக்கும் தயாராக இருக்க வேண்டியிருப்பதால், மண்ணில் வாழும் 'ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர்' பாக்டீரியா 7,825 மரபணுக்களைச் சுமக்கிறது. (மனிதனுக்கே ஏறக்குறைய 20,000தான்!) சாறு உறிஞ்சும் ஒரு பூச்சியின் உடலுக்குள்ளேயே காலம் தள்ளும் 'கார்சொனெல்லா' பாக்டீரியாவுக்கு இருநூறுகூடக் கிடையாது. வேளைக்குச் சோறு கிடைக்கும் இடத்தில், பயன்படாத மரபணுக்கள் மெல்ல மெல்லக் கழன்றுவிட்டன.

● காடு செழிப்பாக இருந்தால் மண்ணுக்குள்ளும் செழிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வட, தென் அமெரிக்காவின் 98 மண் மாதிரிகளை ஒப்பிட்ட 2006-ஆம் ஆண்டு ஆய்வில், பாக்டீரியா வகைகள் மிகக் குறைவாக இருந்தது பெரு நாட்டு அமேசான் மண்ணில்தான். காரணம், அதன் அமிலத்தன்மை.

● அட்ராசின் என்ற களைக்கொல்லி விற்பனைக்கு வந்தது 1950களின் இறுதியில். 1990களில், அதைச் சிதைத்து நைட்ரஜன் உணவாக்கிக்கொள்ளும் பாக்டீரியா, களைக்கொல்லி கொட்டிய மண்ணிலிருந்தே கிடைத்தது. அட்ராசினைச் சிதைக்க அது முதலில் பயன்படுத்தும் நொதியில் 475 அமினோ அமிலங்கள். மெலமைன் என்ற வேதிப்பொருளைச் சிதைக்கும் வேறொரு நொதிக்கும் இதற்கும் வித்தியாசம் வெறும் 9! அட்ராசினைச் சிதைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியவை. வெவ்வேறு கண்டங்களின் மண்ணிலும் ஏறத்தாழ அதே மரபணுக்கள் அகப்பட்டிருக்கின்றன.

● ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் திறன் ஆஸ்பத்திரியில் பிறந்ததல்ல. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்துகிடந்த மண்ணில், வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை முறியடிக்கும் மரபணு இருந்ததாக 2011-இல் அறிவித்தார்கள். போர்னியோ மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து மனிதன் வான்கோமைசினைப் பிரித்தெடுத்ததோ 1950களில்தான்.