பீடத்தில் எழுதிய பூர்வீகம்

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் ஒரு கல் துவாரபாலகர் நிற்கிறார். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலிலிருந்து வந்தவர். ஆனால் சோழநாட்டுக்காரர் அல்ல. உடல்வாகும் அணிகலன்களும் அதைக் காட்டிக்கொடுக்கின்றன. சந்தேகம் இருந்தால் குனிந்து பீடத்தைப் பார்க்கலாம். விஜயராஜேந்திர தேவர் கல்யாணபுரத்தை அழித்துக் கொண்டுவந்த துவாரபாலகர் இவர் என்று தமிழில் வெட்டியிருக்கிறது.

விஜயராஜேந்திரர் என்பது முதலாம் ராஜாதிராஜனின் பட்டம். கல்யாணபுரம், மேலைச் சாளுக்கியரின் தலைநகர். இன்றைய கர்நாடகத்தின் பசவகல்யாண். எந்த ஊர், யார் எடுத்தது, எப்படி எடுத்தது, எல்லாம் ஒரே வரியில். ஆனால் படையெடுப்பு நடந்தது 11ஆம் நூற்றாண்டின் நடுவில். தாராசுரம் கோயிலை எழுப்பியது ஏறத்தாழ நூறாண்டு கழித்து வந்த இரண்டாம் ராஜராஜன். அதுவரை சிலை எங்கே நின்றது? பீடம் வாய் திறக்கவில்லை.

காலனி ஆட்சியில் கப்பலேறிய பொருட்களுக்கு அந்த ஒரு வரியும் கிடையாது. பழைய கடிதம், ஏலப் பட்டியல், போர்க் குறிப்பு என்று துழாவித்தான் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருந்த கண்டி பீரங்கி அப்படித்தான் அடையாளம் காணப்பட்டது. 1765இல் டச்சுப் படை கண்டியைச் சூறையாடியபோது எடுத்தது என்று ஆய்வு சொன்னது. 2023இல் இலங்கைக்குத் திரும்பியது.

சோழநாட்டுக்கு நெருக்கமான கேள்வி நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் கிடந்தது. அங்கே 1862இல் நன்கொடையாகச் சேர்ந்தவை ஆனைமங்கலம் செப்பேடுகள். பெரிய தொகுதியில் 21 ஏடுகள், ராஜேந்திர சோழனின் முத்திரையிட்ட வளையம், எடை சுமார் 30 கிலோ. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த சாசனம் அது. 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் டச்சுக் கம்பெனியின் கையில் இருந்தது.

கிடைத்ததா, வாங்கியதா, எடுத்ததா? நன்கொடைச் சீட்டு கடைசிக் கைமாற்றத்தை மட்டும் சொல்லும். ஏடுகளோ நிலத்தின் கதையை விடாமல் சொல்கின்றன: பெண் யானையை நடத்தி எல்லை சுற்றினார்கள், கல்லும் கள்ளியும் நட்டார்கள். கொடுத்த ஊரின் நான்கெல்லையும் அதில் இருக்கிறது. அந்த ஏடுகள் நாகப்பட்டினம் கரையைத் தாண்டியது எப்படி என்பதை மட்டும் கம்பெனிக் காகிதங்களில்தான் தேட வேண்டியிருக்கிறது.